சிந்துபாத்தின் ஏழாவது பயணமும் 1814-ன் கல்கத்தா பதிப்பும்

சிந்துபாத்தின் ஏழாவது பயணம் எப்படி முடிகிறது என்று, கதையை முழுசாகப் படித்த இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் யானைகளைப் பற்றிச் சொல்வார். கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய பரிசுகளைச் சரந்தீப் மன்னரிடம் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சிந்துபாத் கடற்கொள்ளையரிடம் மாட்டிக்கொள்கிறான். அடிமையாக விற்கப்படுகிறான். விலைக்கு வாங்கிய வணிகன் அவன் கையில் வில்லைக் கொடுத்து, மரத்தின் மேல் ஏற்றி, யானை வேட்டைக்கு விடுகிறான். ஒருநாள் யானைகள் கூடி வந்து அந்த மரத்தையே வேரோடு சாய்த்து, அவனைத் தூக்கிப்போய்த் தங்கள் இடுகாட்டில் இறக்கிவிடுகின்றன. அங்கே தந்தம் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. தந்தம்தானே உனக்கு வேண்டும், எடுத்துக்கொள், எங்களைக் கொல்லாதே என்று அவை சொல்லாமல் சொல்கின்றன.

இன்னொருவர், அப்படி ஒரு கட்டமே கிடையாது என்பார். அவர் படித்த ஏழாவது பயணத்தில் சிந்துபாத் சந்தனக் கட்டைகளால் தெப்பம் கட்டி, மலைக்கு அடியில் ஓடும் ஆற்றில் போய் ஒரு நகரத்தை அடைகிறான். அங்கே ஒரு பெரியவரின் மகளை மணக்கிறான். அந்த ஊர் ஆண்களுக்கு மாதம் ஒருமுறை சிறகு முளைக்கும். ஒருவனைக் கெஞ்சி அவன் முதுகில் ஏறிப் பறக்கிறான். வானவர்கள் இறைவனைத் துதிக்கும் ஒலி காதில் விழும் உயரத்துக்குப் போனதும், தன்னை மறந்து தானும் துதிச்சொல்லைச் சொல்லிவிடுகிறான். உடனே வானிலிருந்து நெருப்பு இறங்குகிறது. பறந்தவர்கள் பதறி, அவனை ஒரு மலையுச்சியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இருவர் சொல்வதும் சரிதான். இருவரும் படித்தது வேறு வேறு அச்சுப் பதிப்புகளிலிருந்து கிளைத்த கதைகள். யானை இடுகாடு உள்ள அரபுக் கதையை அச்சில் பிடித்துவைத்த நூல்தான் இந்தக் கட்டுரையின் பொருள். 1814-லும் 1818-லும் இரண்டு தொகுதிகளாக வந்த அந்த நூல், ஆயிரத்தோர் இரவுகள் அரபு மொழியில் முதன்முதலாக அச்சேறிய பதிப்பு. அது அச்சானது பாக்தாதிலோ கெய்ரோவிலோ அல்ல, கல்கத்தாவில். ஆய்வாளர்கள் அதை 'முதல் கல்கத்தா பதிப்பு' என்று அழைக்கிறார்கள்.

1814 என்பது எவ்வளவு தாமதம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் கதைகளைப் பிரெஞ்சில் எழுதி வெளியிடத் தொடங்கியது 1704-ல். 1717-க்குள் 12 தொகுதிகள் வந்துவிட்டன. அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மற்ற மொழிகளுக்கும் போய், ஐரோப்பாவில் படிக்கத் தெரிந்தவர் எல்லார் வீட்டுக்கும், அரசனுக்கு இரவுதோறும் இந்தக் கதைகளைச் சொல்லும் ஷஹ்ரஸாத் போய்ச் சேர்ந்த பிறகு, 110 ஆண்டுகள் கழித்துத்தான் அவள் பேசிய மொழியில் அச்சுப் புத்தகம் வருகிறது.

காரணங்களில் ஒன்று அச்சுத் தொழிலே. அரபு எழுத்து, சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியே நின்றால் வேறொன்று என்று உருமாறும். பக்கத்து எழுத்தோடு கைகோத்தே நிற்கும். கூட்டெழுத்துகள் அதற்கு மேல். ஈயத்தில் வார்த்தால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு, புள்ளிகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனிக் கணக்கு. எழுத்துகள் தனித்தனியாக நிற்கும் தமிழுக்கு 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட முடிந்தது. அரபியிலும் அச்சு நூல் இல்லாமல் இல்லை. 1514-ல் இத்தாலியின் ஃபானோ நகரில் ஒரு கிறித்தவப் பிரார்த்தனை நூல் வந்திருக்கிறது. அலெப்போவில் 1706-ல் ஒரு கிறித்தவ அச்சகம் இயங்கத் தொடங்கியது. ஆனால் அரபுலகத்தில் நூல் என்றால் கையால் எழுதியதுதான். படியெடுப்பவர்களுக்கு அது பிழைப்பு, கையெழுத்தழகு ஒரு கலை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அரபு அறிஞர்கள் இந்தக் கதைகளைப் பெரிதாக மதிக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் நூல் வணிகர் இப்னு அல் நதீம், தன் புகழ்பெற்ற நூற்பட்டியலில் இதைக் குறிப்பிட்டு, சுவையற்ற சரக்கு என்று ஒதுக்கிவிட்டார். செய்யுளும் சமய நூலும் இலக்கணமும் இருக்க, கடைத்தெருக் கதையை யார் மெனக்கெட்டு அச்சில் ஏற்றுவார்கள்?

மெனக்கெட்டவர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது இலக்கியம் அல்ல, பாடப்புத்தகம்.

1800-ல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியின் முதலாண்டு நிறைவான மே 4-ஐயே அதன் தொடக்க நாளாகக் குறித்தார்கள். திப்புவின் அரண்மனை நூலகத்துச் சுவடிகளில் ஒரு பகுதி பிற்பாடு அந்தக் கல்லூரிக்குத்தான் போனது. பதினாறு, பதினெட்டு வயதில் கப்பலில் வந்து இறங்கும் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தர்களுக்கு அரபி, பாரசீகம், இந்துஸ்தானி, வங்காளி முதலிய மொழிகளைக் கற்றுக்கொடுப்பது கல்லூரியின் வேலை. நீதிமன்றங்களில் இஸ்லாமியச் சட்டம் நடைமுறையில் இருந்ததால் அரபியை விட முடியாது. மௌலவிகளும் முன்ஷிகளும் பண்டிதர்களும் சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். பிள்ளைகள் சலிக்காமல் படிக்கக் கதைப் புத்தகங்கள் தேவைப்பட்டன. நம் பக்கத்திலும் இதே கணக்குதான் நடந்தது. சென்னையில் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று 1812-ல் அமைந்த கோட்டைக் கல்லூரியில் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் எழுதி 1826-ல் அச்சிட்டதும் மொழி கற்பவர்களுக்காகத்தான்.

கல்கத்தாவில் அந்த வேலையைச் செய்தவர் ஷேக் அஹ்மத் இப்னு முஹம்மத் அல் ஷிர்வானீ அல் யமனீ. பெயரிலேயே ஊர் இருக்கிறது: ஏமன் நாட்டுக்காரர். கல்லூரியில் அரபி கற்பித்தவர். 1811-ல் அவர் தொகுத்த 'நஃப்ஹதுல் யமன்' என்ற வாசகநூல் இந்திய மதரஸாக்களில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. அரபி தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு எது எளிதில் ஏறும் என்று தெரிந்த ஆசிரியர் அவர். அப்படிப்பட்ட ஒருவர் ஆயிரத்தோர் இரவுகளைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கதைகளின் நடை இலக்கண அரபிக்கும் பேச்சரபிக்கும் இடைப்பட்டது. வாக்கியங்கள் சிறியவை, உரையாடல் மிகுதி. மாணவனுக்கு இதைவிட நல்ல படிக்கட்டு கிடையாது.

பாரசீகத்தில் எழுதிய முன்னுரையில் ஷிர்வானீ இதை வெளிப்படையாகவே சொல்கிறார். அவர் கருத்துப்படி இந்தக் கதைகளை இயற்றியவர் சிரியா நாட்டு அரபி. அரபியில் பேசிப் பழக விரும்புகிறவர்களுக்கு உதவவே, தூய நடையை விட்டுப் பேச்சுநடையில் எழுதினார் என்கிறார். வரலாறாக இது நிற்காது. ஒரே ஆசிரியர் என்று எவரும் இந்தக் கதைகளுக்கு இல்லை. ஆனால் அந்தப் பழங்காலச் சிரியக்காரரிடம் ஷிர்வானீ தன்னையே பார்த்திருக்கிறார் என்பது புரிகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரபி பழக்கிவிடும் ஆசிரியர், நூலாசிரியரையும் அப்படி ஒருவராகவே எண்ணிக்கொண்டார்.

நூலின் அரபுத் தலைப்பு 'ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து நூறு இரவுகளின் கதைகள்' என்று அடக்கமாகவே தொடங்குகிறது. முதல் நூறு இரவுகள் 1814-ல், அடுத்த நூறு 1818-ல். இரண்டாம் தொகுதியின் கடைசியில் சிந்துபாத்தின் பயணங்கள் சேர்ந்தன. அச்சிட்டது பெரேராவின் பொறுப்பில் இருந்த இந்துஸ்தானி அச்சகம். அவ்வளவுதான், 200 இரவுகளோடு நூல் நின்றுவிட்டது.

மிச்சம் 801 இரவுகள் எங்கே என்று கேட்கத் தோன்றும். 'ஆயிரம்' என்பது தொடக்கத்தில் எண்ணிக்கையே அல்ல. ஆயிரம் வேலை கிடக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அப்படித்தான். கலான் வைத்திருந்த சிரியக் கையெழுத்துப் பிரதி, இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் மூன்று தொகுதிகளாக இருப்பது, 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நீளமான பிரதிகளில் மிகப் பழையது அதுதான். அதிலேயே ஏறத்தாழ 280 இரவுகள்தான், அதுவும் கமர் அல் ஸமான் கதையின் நடுவில் அறுந்து நிற்கிறது. அதற்கும் முந்தைய தடயம் ஒரே ஒரு காகிதத் துண்டு. எகிப்திலிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன அந்தத் தாளை 1949-ல் நபியா அபட் என்ற அறிஞர் படித்து வெளியிட்டார். பழைய தாளின் வெற்றிடங்களில் பின்னால் யாரோ கிறுக்கிய வரிகளில் ஹிஜ்ரி 266, அதாவது கி.பி. 879 என்ற ஆண்டு இருக்கிறது. நூலின் தலைப்பும், தீனாஸாத் தன் அக்கா ஷஹ்ரஸாத்திடம் கதை கேட்கும் சில வரிகளும் மட்டும் அதில் மிஞ்சியிருக்கின்றன. அங்கே பெயர் 'ஆயிரம் இரவுகள்' என்றே இருக்கிறது. 'ஓர் இரவு' பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் காலப்போக்கில் தலைப்பை அப்படியே கணக்காக எடுத்துக்கொண்டவர்கள், கைக்குக் கிடைத்த கதைகளையெல்லாம் சேர்த்து 1001-ஐ நிரப்பினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தில் அப்படி ஒரு முழுத் தொகுப்பு உருவானது. பாரிஸ் நூலகத்தில் பணிபுரிந்த ஸோட்டன்பெர்க் 1880-களில் இதைக் கண்டு சொன்னதால், இன்றும் அது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. முதல் கல்கத்தா பதிப்பு இந்த எகிப்தியப் பிரதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. அதன் இரவுகள் பழைய, குறுகிய சிரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த நூலை அரிய பொருள் என்பதைத் தாண்டி முக்கியமான நூல் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சிரியக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிரதியை வைத்திருந்தவரை நாம் வேறொரு வழியில் அறிவோம். பேட்ரிக் ரசல், அலெப்போவில் ஆங்கில வணிகர்களுக்கு மருத்துவராக இருந்தவர். பிற்பாடு இந்தியாவுக்கு வந்து, 1785 முதல் சென்னை மாகாணத்தில் கம்பெனியின் இயற்கை அறிவியலாளராகப் பணியாற்றி, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் பெரிய நூல் வெளியிட்டார். நம் கண்ணாடி விரியனுக்கு அறிவியல் பெயரில் ஒட்டியிருப்பது இந்த ரசலின் பெயர்தான். அவருடைய ஆயிரத்தோர் இரவுகள் பிரதி இன்று மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது.

அலெப்போவைப் பற்றிய நூலில் அவர் காப்பிக்கடைக் கதைசொல்லியை வர்ணிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கதைசொல்லி உட்கார்ந்து சொல்வதில்லை. கடையின் நடுவே இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே சொல்கிறார். அழுத்தம் வேண்டிய இடத்தில் மட்டும் நின்று, கையையும் உடம்பையும் பயன்படுத்துகிறார். கூட்டம் மூச்சைப் பிடித்துக் கேட்கிறது. நாயகி பெரிய ஆபத்தில் சிக்கியிருக்கும் நேரம் பார்த்து, சட்டென்று நிறுத்திவிட்டு வெளியே நழுவிவிடுகிறார். அருகில் இருப்பவர்கள் பிடித்து நிறுத்தப் பார்த்தாலும் பயனில்லை. கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அடுத்து என்ன நடக்கும் என்று வாதாடிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்காருகிறார்கள்.

ஷஹ்ரஸாத் அரசனிடம் செய்ததும் இதைத்தான். விடியல் ஷஹ்ரஸாதை எட்டியது, அனுமதிக்கப்பட்ட பேச்சை அவள் நிறுத்தினாள் என்று இரவுகள் முடியும். அரபியில் விடியலுக்கு 'ஸபாஹ்', அனுமதிக்கப்பட்டதற்கு 'முபாஹ்'. இந்த இயைபு காதில் விழுந்தவுடன் கூட்டம் எழுந்து போகலாம் என்று அர்த்தம். வாயில் வாழ்ந்த கதைகளின் மூச்சு நிறுத்தங்கள் இவை. எழுதியவர்கள் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரு கதைசொல்லி இரவை எங்கே வெட்டுவது என்று கூட்டத்தின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். அச்சில் வந்த பிறகு அந்த வெட்டு ஒரே இடத்தில் நின்றுவிடும்.

இரண்டு நூற்றாண்டுகளாக அறிஞர்கள் ஷிர்வானீயிடம் குறை கண்டதும் இங்கேதான். கையில் இருந்த பிரதியை அவர் எழுத்துக்கு எழுத்து அச்சிடவில்லை. நடையைத் திருத்தினார், சில இடங்களைத் தன் ரசனைப்படி மாற்றினார். 1984-ல் கலானின் பிரதியை அடிப்படையாக வைத்து லெய்டனில் ஆய்வுப் பதிப்பு வெளியிட்ட முஹ்ஸின் மஹ்தீ, பழைய அச்சுப் பதிப்பாசிரியர்கள் எல்லாரிடமும் இந்தக் கைவரிசை இருப்பதை வரிக்கு வரி காட்டினார். ஆய்வுக்கு மஹ்தீ செய்தது பெரிய உதவி. ஆனாலும் ஷிர்வானீயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன் இருந்த ஒவ்வொரு படியெடுப்பவரும் அதையேதான் செய்தார். கதைசொல்லியும் அதையேதான் செய்தார். வேறுபாடு ஒன்றுதான்: ஷிர்வானீ திருத்தியது நூற்றுக்கணக்கில் பெருகியது.

அன்று பிரஷ்யாவில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் நடந்தது வேறு ரகம். 1825-ல் அங்கே தொகுதிகளை வெளியிடத் தொடங்கிய ஹாபிக்ட், துனிசியாவிலிருந்து வந்த முழுப் பிரதி ஒன்றை அச்சிடுவதாகச் சொன்னார். அவர் இறந்த பிறகு ஃபிளைஷர் 1843-ல் 12 தொகுதிகளாக முடித்துவைத்தார். அப்படி ஒரு துனிசியப் பிரதியே இருந்ததில்லை, பல இடத்துச் சரக்கை ஹாபிக்டே கோத்திருக்கிறார் என்று 1909-ல் மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர் நிறுவினார்.

அரபு நாட்டில் முதல் அச்சு 1835-ல் வந்தது. முஹம்மத் அலீ பாஷா கெய்ரோவுக்கு அருகே பூலாக்கில் அமைத்த அரசு அச்சகம், எகிப்தியக் குடும்பத்தின் முழுப் பிரதியை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. 1001 இரவுகளும் அதில் உண்டு. அரபு வாசகருக்கு இன்றுவரை 'அல்ஃப் லைலா வ லைலா' என்றால் பெரும்பாலும் இதுதான். 1985-ல் கெய்ரோவில் இதன் மறுபதிப்பை ஆபாசம் என்று நீதிமன்றம் பறிமுதல் செய்ய உத்தரவிட்டதும், மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானதும் தனிக் கதை.

கல்கத்தா மறுபடியும் உள்ளே வருகிறது. 1839-லிருந்து 1842 வரை நான்கு தொகுதிகளாக வந்த 'இரண்டாம் கல்கத்தா பதிப்பு', ஃபிர்தௌஸியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவை 1829-ல் பதிப்பித்த மேஜர் டர்னர் மேக்கன் விட்டுச்சென்ற, எகிப்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பிரதியை வைத்து உருவானது. பதிப்பாசிரியர் வில்லியம் மெக்நாட்டன், 1809-ல் சென்னைக் குதிரைப்படையில் சேர வந்து, பிறகு வங்காளத்தில் நிர்வாகப் பணிக்கு மாறியவர். காபூலில் ஆங்கிலத் தூதராக இருந்தபோது 1841 டிசம்பரில் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். நான்காம் தொகுதியை அவர் பார்க்கவில்லை. மூல அரபியில் முதன்முறையாக முழுமையாக வெளியிடப்படுகிறது என்று தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். பூலாக் நான்கு ஆண்டு முந்திக்கொண்டதை அந்த வரி கணக்கில் எடுக்கவில்லை.

பழைய நூல் தேடுகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். வெறுமனே 'கல்கத்தா பதிப்பு' என்று குறித்திருந்தால் எது என்று கேட்க வேண்டும். 1814, 1818 என்ற ஆண்டுகளோடு இரண்டு தொகுதி என்றால் ஷிர்வானீ. 1839 முதல் நான்கு தொகுதி என்றால் மெக்நாட்டன். முதலாவதற்கு இடையே நான்காண்டு இடைவெளி இருந்ததால், இரண்டு தொகுதிகளும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. கம்பெனி எழுத்தர்களின் மேசையில் புழங்கிய பாடப்புத்தகம் என்பதையும், வங்காளத்து ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

அலிபாபாவும் அலாவுதீனும் இந்த 200 இரவுகளில் இருக்கிறார்களா? இல்லை. 1709-ல் பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர் வாய்மொழியாகச் சொல்ல, கலான் குறிப்பெடுத்து எழுதியவை அவை. கலானுக்கு முந்தைய அரபுப் பிரதி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. 1956-ல் எம்.ஜி.ஆர். வண்ணத்தில் நடித்த அலிபாபா நம்மிடம் வந்தது அந்தப் பிரெஞ்சு வழியில்தான். சிந்துபாத் அப்படி இல்லை. அவன் கதை அரபியிலேயே தனி நூலாக உலவியது, கலானும் அதைத் தனியாக மொழிபெயர்த்துப் பிறகுதான் இரவுகளுக்குள் சேர்த்தார். அவன் ஆறாவது பயணத்தில் இறங்கும் சரந்தீப் நம் பக்கத்து இலங்கை. ஷிர்வானீயின் பதிப்பில் ஏழாவது பயணமும் அவனை அங்கேதான் கொண்டுபோகிறது. பூலாக்கிலும் இரண்டாம் கல்கத்தாவிலும் அப்படி இல்லை.

ரிச்சர்ட் பர்ட்டன் 1885-ல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கியபோது, பெரும்பாலும் இரண்டாம் கல்கத்தா பதிப்பைத்தான் பின்பற்றினார். சிந்துபாத்துக்கு வந்ததும் சிறகு முளைத்த மனிதர்களோடு ஏழாவது பயணத்தை முழுதாக மொழிபெயர்த்தார். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஷிர்வானீயின் பழைய தொகுதியையும் எடுத்து, 'கல்கத்தா பதிப்பின்படி ஏழாவது பயணம்' என்று தலைப்பிட்டு, யானைகளின் இடுகாட்டையும் அடுத்த பக்கத்திலேயே மொழிபெயர்த்துச் சேர்த்தார்.